தோட்டத்து நிழல் மரங்கள் கரியமில வாயுவை எப்படி எடுத்துக்கொள்கின்றன, எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன?

நாகலூர் காப்பித் தோட்டக்காரர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று இருக்கிறது. நிழலுக்காகச் சில்வர் ஓக் மரங்களை அப்பா காலத்திலேயே வைத்தார்கள். அவற்றின் மேல் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. இடையிடையே பலாவும் கல்யாண முருங்கையும் உண்டு. அண்மையில் தரகர் ஒருவர் வந்து, எங்கள் மரங்கள் உறிஞ்சும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு அதற்கு ஆண்டுதோறும் பணம் வாங்கித் தருவதாகவும், ஒரு மரம் ஆண்டுக்கு 22 கிலோ உறிஞ்சும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு என்றும் சொல்லி, ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

எதை விற்கிறோம் என்பதே தெரியாமல் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. காற்றில் இருக்கும் வாயு மரத்துக்குள் எந்த வழியாகப் போகிறது, வேர் வழியாகவா இலை வழியாகவா? போனபின் அது மரத்தில் எங்கே தங்குகிறது? நேற்று நட்ட கன்றும் கட்டிப்பிடிக்க முடியாத மரமும் ஒரே அளவு உறிஞ்சும் என்றால் நம்ப முடியவில்லை. மரங்கள் இரவில் கரியமில வாயுவை வெளியே விடுகின்றன என்று பள்ளியில் படித்தோமே, அப்படியானால் பகலில் எடுத்தது இரவில் போய்விடாதா? பிளைவுட் ஆலைக்கு மரத்தை வெட்டி விற்றால் என்ன ஆகும்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால், இந்த மலையில் என்னைப் போன்ற பலருக்கும் உதவியாக இருக்கும்.


சேலம், தாவரவியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, கையெழுத்துப் போடுவதற்கு முன் அடிப்படையைக் கேட்டீர்களே, அதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

கரியமில வாயு மரத்துக்குள் செல்வது ஏறக்குறைய முழுவதும் இலை வழியாகத்தான். வேர் கொண்டுவருவது தண்ணீரையும் தாது உப்புகளையும். உங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் இலை ஒன்றைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். மேற்பக்கம் கரும்பச்சையாகவும் அடிப்பக்கம் வெளிறிப் பளபளப்பாகவும் இருக்கும். அந்தப் பளபளப்புக்குக் காரணம் நெருக்கமாக முளைத்திருக்கும் மிக மெல்லிய மயிர்கள். அந்த மயிர்ப் படலத்தின் மறைவில்தான் இலைத்துளைகள் இருக்கின்றன. காப்பி இலைக்கும் துளைகள் அடிப்பக்கத்தில் மட்டுமே உண்டு. மயிர்கள் இல்லாததால் அவற்றைப் பார்ப்பது எளிது. நிறமில்லாத நகப்பூச்சைக் காப்பி இலையின் அடிப்பக்கத்தில் மெல்லியதாகத் தடவிக் காயவிட்டு, ஒட்டுநாடாவை அதன்மேல் அழுத்தி உரித்தெடுத்து, பள்ளி நுண்ணோக்கியில் வைத்தால், அவரை விதை வடிவில் இரண்டிரண்டு காப்புச் செல்களும் ஒவ்வோர் இணைக்கும் நடுவே ஒரு பிளவும் ஆங்காங்கே சிதறித் தெரியும். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பிளவுகள் உண்டு. காப்புச் செல்களில் தண்ணீர் நிறைந்து அவை விறைத்தால் பிளவு திறக்கும். தண்ணீர் குறைந்து தளர்ந்தால் மூடிக்கொள்ளும்.

மரம் காற்றை இழுப்பதில்லை. வெயில் படும்போது இலையின் உட்புறச் செல்கள் கரியமில வாயுவைத் தொடர்ந்து செலவழிப்பதால் உள்ளே அதன் செறிவு குறைகிறது. வெளியே கூடுதலாக இருப்பது தானாகவே உள்ளே பரவுகிறது. ஆனால் அந்த வெளிக்காற்றில் இருப்பதே மிகக் கொஞ்சம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கு கரியமில வாயுவாக இருந்தது. சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315 ஆக இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து இவ்வளவு ஏற்றிய பிறகும், சேலத்துச் சமவெளியில் ஒரு கன மீட்டர் காற்றைப் பிடித்தால் அதில் முக்கால் கிராம் அளவுதான் கரியமில வாயு கிடைக்கும். ஒரு கிலோ உலர்ந்த மரக்கட்டை உருவாக, சுமார் 2,500 கன மீட்டர் காற்றில் உள்ள கரியமில வாயு முழுவதும் வேண்டும். இலைகள் ஏன் அத்தனை ஆயிரமாக விரிந்து நிற்கின்றன என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

உள்ளே சென்ற வாயு, செல்களைச் சுற்றியுள்ள ஈரத்தில் கரைந்து, பச்சையம் இருக்கும் பசுங்கணிகங்களை அடைகிறது. அங்கே ரூபிஸ்கோ என்னும் நொதி அதைப் பிடித்து, ஏற்கெனவே அங்குள்ள ஐந்து கார்பன் கொண்ட ஒரு சர்க்கரைச் சேர்மத்தோடு இணைக்கிறது. இந்த நொதி மிக மெதுவாக வேலை செய்வது. வினாடிக்கு ஏறத்தாழ மூன்று மூலக்கூறுகளைத்தான் அதனால் பிணைக்க முடியும். சில சமயம் கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடவும் செய்யும். அந்தக் குறையை ஈடுகட்ட இலைகள் அதை ஏராளமாக உற்பத்தி செய்து வைத்திருக்கின்றன. உலகில் மிக அதிகமாக உள்ள புரதங்களில் இதுவும் ஒன்று. இணைந்தபின் நடக்கும் தொடர் மாற்றங்களை, கதிரியக்கக் கார்பன் 14ஐப் பாசிக்கு ஊட்டி அதன் தடத்தைப் பின்தொடர்ந்து, கலிபோர்னியாவில் மெல்வின் கால்வினும் அவருடன் பென்சன், பாஷம் ஆகியோரும் கண்டறிந்தார்கள். அதற்காகக் கால்வினுக்கு 1961இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மாற்றங்களுக்கு வேண்டிய ஆற்றலைத் தருவது வெயில். அந்த ஆற்றலைப் பிடிக்கும் வேலையில் தண்ணீர் பிளக்கப்படுகிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் அந்தத் தண்ணீரிலிருந்து வருவதே தவிர, கரியமில வாயுவிலிருந்து வருவதில்லை.

இறுதியில் கிடைப்பது சர்க்கரை. அதைக் கொண்டு மரம் செல்லுலோஸையும் லிக்னினையும் கட்டுகிறது; அவையே கட்டை, பட்டை, வேர். ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: வாயு வாயுவாக மரத்துக்குள் தங்குவதில்லை. அதன் கார்பன் மரத்தின் உடம்பாகவே மாறிவிடுகிறது. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர், உலர்த்தி எடைபோட்ட 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 169 பவுண்டு ஆகியிருந்தது. மண்ணில் குறைந்தது 2 அவுன்ஸ் மட்டுமே. எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். காற்றின் பங்கு தெரிய இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று: 1779இல் இங்கன்ஹவுஸ், பச்சைப் பாகங்களும் ஒளியும் வேண்டும் என்று காட்டினார், அடுத்த சில ஆண்டுகளில் செனபியர் கரியமில வாயு தேவை என்று காட்டினார்.

வேரா இலையா என்ற ஐயத்தைத் தீர்க்க நம் பள்ளிகளில் செய்யும் மோலின் அரை இலைச் சோதனையே போதும். செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து இலையில் உள்ள மாவுச்சத்தைத் தீர்த்துவிட்டு, ஓர் இலையின் நுனிப் பாதியை மட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் உள்ள புட்டிக்குள் செருகி, செடியை வெயிலில் வைப்பார்கள். கரைசல் புட்டிக்குள் இருக்கும் கரியமில வாயுவைக் குடித்துவிடும். பிறகு இலையின் பச்சையத்தை நீக்கி அயோடின் விட்டால், வெளியே இருந்த பாதி கருநீலமாகும். புட்டிக்குள் இருந்த பாதியில் அந்த நிறம் வராது. வேர், தண்ணீர், வெயில் எல்லாம் இரண்டு பாதிக்கும் பொதுவாக இருந்தும் ஒரு பாதி பட்டினி கிடக்கிறது என்றால், இலை தான் தொடும் காற்றிலிருந்தே எடுக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.


வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், அஸ்தம்பட்டி:

ஆசிரியை அம்மா அடிப்படையைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். நான் கணக்கைப் பார்க்கிறேன், தம்பி. தரகர் உங்களிடம் கொண்டுவந்தது கணக்கைத்தான்.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். ஒரு கிலோ கார்பன் என்பது 3.67 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அடிமரத்தின் உலர் எடை 250 கிலோ உள்ள மரம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 125 கிலோ கார்பன்; அது காற்றிலிருந்து எடுத்த வாயு சுமார் 460 கிலோ. மரத்துக்கு இருபது வயது என்றால் சராசரி ஆண்டுக்கு 23 கிலோ. தரகர் சொன்ன 22 கிலோ இத்தகைய சராசரிக் கணக்குகளோடு ஒத்துப்போவதால்தான் அது பொய்யாகத் தெரிவதில்லை. ஆனால் சராசரியை ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் பொருத்துவது தவறு. முதல் சில ஆண்டுகளில் கன்று உறிஞ்சுவது ஒரு கிலோவோ இரண்டு கிலோவோதான்; இலைப்பரப்பு விரிந்து மரம் வேகமாகப் பருக்கும் நடுவயதில் அது 22ஐத் தாண்டிப் போகலாம்; நெருக்கத்தில் சிக்கி ஒளி கிடைக்காத மரம் இருபது வயதிலும் மெலிந்தே நிற்கும். இனம், மண், மழை, இடைவெளி எல்லாம் இதில் அடங்கும். ஒப்பிட ஒரு செய்தி: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். நல்ல மரம் ஒன்று ஓர் ஆண்டு முழுவதும் உறிஞ்சுவதை, பத்து லிட்டர் பெட்ரோல் திருப்பி விட்டுவிடும்.

இரவைப் பற்றிக் கேட்டீர்கள். மரம் இரவில் மட்டும் சுவாசிப்பதில்லை. இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் கட்டிய சர்க்கரையில் ஏறத்தாழப் பாதியை அது தன் உயிர்வாழ்வுக்கே செலவழித்து, அந்தக் கார்பனைக் காற்றுக்குத் திருப்பிவிடுகிறது. எஞ்சிய பாதிதான் கட்டையாகவும் இலையாகவும் வேராகவும் காயாகவும் ஆகிறது. நான் மேலே சொன்ன கிலோக் கணக்கு, இந்தச் செலவெல்லாம் போக மரத்தில் நின்றதை எடைபோட்ட கணக்கு. ஆகவே இரவுக்காக மறுபடி கழிக்க வேண்டியதில்லை. புளிய மரத்தடியில் இரவில் படுத்தால் மூச்சுமுட்டும் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். திறந்தவெளியில் காற்று கலந்துகொண்டே இருப்பதால் அப்படி எதுவும் நேராது. ஒரு மனிதன் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறான், பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் விடுவதையே நாம் பொருட்படுத்துவதில்லை.

வெட்டுவது பற்றி. வெட்டிய அன்றே எல்லாம் போய்விடுவதில்லை. பிளைவுட்டாகப் போன பகுதி, அந்த மேசையோ கதவோ இருக்கும்வரை கார்பனைத் தாங்கியிருக்கும். விறகாகப் போன கிளைகள் எரிந்த அன்றே திருப்பிக் கொடுத்துவிடும். மண்ணில் விட்ட வேரும் சருகும் மெல்ல மட்கும். பெரும்பகுதி காற்றுக்குப் போனாலும் ஒரு பங்கு மண்ணில் மட்காகத் தங்கும். மலையின் குளிர்ச்சியில் மட்கும் வேகம் குறைவு, அதனால்தான் உங்கள் தோட்டத்து மண் அடிவாரத்து மண்ணைவிடக் கருத்திருக்கிறது. காப்பித் தோட்டத்தின் கார்பன் கணக்கில் மண்ணை விட்டுவிடவே கூடாது.

ஒப்பந்தத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு இடங்கள். இத்தகைய திட்டங்களில் பொதுவாகப் பணம் கிடைப்பது, திட்டத்தால் கூடுதலாகச் சேரும் கார்பனுக்கு. அப்பா வைத்து ஏற்கெனவே நிற்கும் மரங்களில் இருப்பதற்குப் பணம் தருவதாக ஒருவர் சொன்னால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்து, எத்தனை ஆண்டுகள் மரத்தை வெட்டக் கூடாது, நிழல் கழிக்கலாமா (நிழல் மரத்தின் கொப்புகளை வெட்டலாமா), புயலிலோ தீயிலோ மரம் போனால் பொறுப்பு யாருடையது என்ற பகுதி. உறிஞ்சுவது மரத்தின் வேலை. உறிஞ்சியதை வைத்திருப்பது உங்கள் தலையில் விழும் கடமை. அந்தக் கடமைக்கு எத்தனை ஆண்டு என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.


தலைவாசல் விவசாயி:

எங்கள் பக்கம் மக்காச்சோளமும் மரவள்ளியும்தான் அதிகம். மக்காச்சோளம் மூன்று மாதத்தில் ஆளுயரம் தாண்டிவிடுகிறது. மரத்தைவிட அது வேகமாக உறிஞ்சுகிறது என்று சொல்லலாமா? சித்திரை வெயிலில் மரவள்ளி இலை நடுப்பகலில் தொங்கிவிடுகிறது. அப்போது உறிஞ்சுவது நின்றுவிடுமா?


சேலம், தாவரவியல் ஆசிரியை:

நல்ல கேள்வி அண்ணா. வேகத்தைப் பொறுத்தவரை நீங்கள் நினைப்பது சரி. மக்காச்சோளம், கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை வேறு வழியில் வேலை செய்கின்றன. அவை கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி, இலை நரம்பைச் சூழ்ந்துள்ள செல்களுக்குள் கொண்டுபோய்ச் செறிவாக்கி, அதன்பிறகே ரூபிஸ்கோவிடம் ஒப்படைக்கின்றன. அங்கே ஆக்சிஜன் குறுக்கிட வழி இல்லாததால் சுடுவெயிலிலும் அவை திறம்பட வளர்கின்றன. நெல், மரவள்ளி, காப்பி, மா, நம் மலையின் ஏறக்குறைய எல்லா மரங்களும் பழைய வழியையே பின்பற்றுகின்றன. ஆனால் மக்காச்சோளத் தட்டு மாட்டுக்குப் போகிறது, கதிர் கோழித் தீவனமாகிறது. ஓர் ஆண்டுக்குள் அந்தக் கார்பனில் பெரும்பகுதி காற்றுக்குத் திரும்பிவிடும். மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து ஜவ்வரிசியாகி, பாயசமாகி, உண்டவர் மூச்சில் வெளியேறிவிடுகிறது.

நடுப்பகல் பற்றி: இலைத்துளை திறந்திருந்தால் கரியமில வாயு உள்ளே வரும் அதே வழியில் நீராவி வெளியே போகும். ஒரு கரியமில வாயு மூலக்கூறு உள்ளே வருவதற்குச் சில நூறு நீர் மூலக்கூறுகள் வெளியேறுவது சாதாரணம். வேர் கொடுக்கும் தண்ணீர் அந்த இழப்புக்கு ஈடாகாதபோது செடி துளைகளை மூடிவிடுகிறது. உறிஞ்சுவதும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மலையடிவாரத்து மரங்கள் கோடையில் இலையையே உதிர்த்து நிற்பது இந்த இழப்பைத் தவிர்க்கத்தான். ஆண்டுக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு மழையைப் பொறுத்து ஏறி இறங்குவதற்கு இதுதான் காரணம்.

இரவில் துளை திறக்கும் தாவரங்களும் உண்டு. அடிவாரக் கரடுகளில் நிற்கும் சப்பாத்திக்கள்ளி, இரயில் கற்றாழை, தோட்டத்து அன்னாசி, வீட்டு ரணகள்ளி ஆகியவை குளிர்ந்த இரவில் கரியமில வாயுவை எடுத்து மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதையே சர்க்கரையாக்குகின்றன. ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதை, தென்னிந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் மென்று பார்த்து எழுதிய கடிதம் 1815இல் வெளியானது. இந்தத் துறையில் நம் மண்ணிலிருந்து போன முதல் செய்திகளில் ஒன்று அது. அரச மரம் இரவெல்லாம் ஆக்சிஜன் விடுகிறது என்று பரவும் செய்தியை மட்டும் நம்ப வேண்டாம். ஒளி இல்லாமல் எந்தத் தாவரமும் ஆக்சிஜன் வெளியிடுவதில்லை.


நிலவியல் படித்தவர், ஓமலூர்:

எவ்வளவு காலம் தங்கும் என்ற பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். ஏற்காட்டுச் சாலையிலிருந்து கீழே பார்த்தால் தெரியும் வெள்ளைக்கல் சுரங்கங்களில் இருப்பதும் பிடித்துவைக்கப்பட்ட கரியமில வாயுதான். மக்னீசியம் மிகுந்த டியூனைட் பாறையில் கரியமில வாயு கரைந்த நீர் ஊடுருவி, அந்த வாயு மாக்னசைட் என்னும் இந்த வெள்ளைக்கல்லாக அதன் வெடிப்புகளில் உறைந்திருக்கிறது. உலைச் செங்கலுக்காக அதைச் சூளையில் சுடும்போது, ஒரு டன் தூய கல்லிலிருந்து சுமார் 520 கிலோ கரியமில வாயு வெளியேறிவிடும். மரம் தன்னிடம் உள்ளதைச் சில பத்தாண்டுகளோ சில நூற்றாண்டுகளோதான் வைத்திருக்கும். பாறை சுடப்படாதவரை கோடிக்கணக்கான ஆண்டுகள் வைத்திருக்கும். இரண்டுக்கும் தொடர்பும் உண்டு: வேர்களும் மண் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால் மண்ணிடைக் காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு மிகும், அது நீரில் கரைந்து அமிலமாகிப் பாறையை அரிக்கிறது. ஆகவே காடு நிற்கும் மலையில் பாறையும் மெல்ல மெல்லக் கரியமில வாயுவைக் கட்டுகிறது. வேகம் மிகக் குறைவு என்பதால் உங்கள் ஒப்பந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை.


நாகலூர் காப்பித் தோட்டக்காரர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒப்பந்தத்தில் ஆண்டுக்கணக்கு எழுதும் இடம் காலியாக விடப்பட்டிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். எழுத்தில் கேட்கிறேன். அதுவரை என் மரங்கள் உண்மையில் எவ்வளவு சேர்க்கின்றன என்று நானே அளக்க முடியுமா? நிழல் கழித்தால் அந்தக் கணக்கு குறையுமா?


வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், அஸ்தம்பட்டி:

தாராளமாக அளக்கலாம். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி வண்ணத்தால் மெல்லிய கோடு போடுங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து உயரத்தை எடுங்கள். மிளகுக் கொடியைச் சற்று விலக்கி, பட்டையின் மேல் நாடா படியும்படி சுற்றளவை எடுக்க வேண்டும். கொடியோடு சேர்த்து அளந்தால் கணக்கு கெடும். எல்லா மரங்களையும் அளக்கத் தேவையில்லை. பருத்தது, நடுத்தரம், மெலிந்தது என்று கலந்து சில மரங்களுக்கு எண் எழுதி, ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில் அளந்து நோட்டில் குறியுங்கள். மழைக்காலத்தில் பட்டை ஊறிப் பருத்திருக்கும், ஆகையால் தை அல்லது மாசி நல்லது. சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம். விட்டத்தையும் உயரத்தையும் கொண்டு கட்டையின் கன அளவைக் காணலாம். இனத்துக்குரிய அடர்த்தியால் பெருக்கினால் உலர் எடை. வேருக்காக, நிலத்துக்கு மேல் உள்ள எடையில் ஏறத்தாழக் கால் பங்கைச் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

நிழல் கழித்தால் மரம் அந்த ஆண்டு கொஞ்சம் குறைவாகப் பருக்கும், ஏனெனில் இலைப்பரப்பு குறைகிறது. ஆனால் கழித்த இடைவெளியில் விழும் ஒளியைக் காப்பிச் செடி பயன்படுத்திக்கொள்கிறது. கழித்த கொப்புகளை எரிக்காமல் செடிகளுக்கிடையே சமமட்டக் கோட்டில் கிடத்திவிடுங்கள். மட்கும், மழையில் மண்ணும் பிடிபடும். காப்பியைப் பூக்கவைக்கும் பூ மழைக்கு முன்பு முதல் அளவை எடுத்துவிட்டால், அடுத்த ஆண்டு தரகர் மறுபடி வரும்போது உங்கள் கையில் உங்கள் தோட்டத்து எண்ணே இருக்கும்.